டூட்டி பெல்ட்டில் எதை எங்கே மாட்டுவது? வாளையார் எல்லையிலிருந்து ஓர் அனுபவம்

போலீஸும் செக்யூரிட்டியும் இடுப்பில் கட்டும் டூட்டி பெல்ட்டைப் பலரும் யூனிஃபார்மின் ஒரு பகுதியாகத்தான் பார்க்கிறார்கள். பாலிஷ் போட்டிருக்கிறதா, பக்கிள் பளபளக்கிறதா, சட்டைப் பட்டன் வரிசைக்கு நேராக இருக்கிறதா என்பதோடு பரேடில் பார்வை முடிந்துவிடும். ஆனால் ஒரு ஷிப்ட் முழுக்க அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறவருக்கு அது வேலைக்கான கருவி. எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ராத்திரி இரண்டு மணிக்கு அவர் கை எங்கே போகும் என்பது இருக்கிறது. வயதான காலத்தில் அவர் முதுகு எப்படி இருக்கும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

நான் தமிழ்நாடு காவல் துறையில் எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பெரும்பகுதி கோவை மாவட்டத்தின் கேரள எல்லையோரத்தில்தான் போனது. க.க.சாவடி, வேலந்தாவளம், ஆனைகட்டி என்று செக்போஸ்ட் டூட்டி நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது வாளையார் தாண்டி, கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். என்னிடம் வேலை பார்ப்பவர்களில் சாவடிக்காரர்கள் உண்டு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழர்கள் உண்டு, பாலக்காட்டு மலையாளிகளும் அஸ்ஸாம் பையன்களும் உண்டு. புதிதாக யார் வந்தாலும் கேட் ரிஜிஸ்டரைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் பெல்ட்டைத்தான் சரி செய்து விடுவேன். அங்கே சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

அடிப்படை ஒன்றுதான்: வலது கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மற்ற எல்லாம் இதிலிருந்து தானாக வந்துவிடும். லாரி டிரைவர் நீட்டும் பில்லை வாங்குவது வலது கை. கேபினில் ஏறிப் பார்க்க வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடிப்பது வலது கை. கேட்டைத் தூக்குவது, கையெழுத்துப் போடுவது, எவராவது மேலே விழ வந்தால் தடுப்பது, போலீஸாக இருந்தால் துப்பாக்கியை எடுப்பது எல்லாமே அதுதான். ஆகவே டார்ச், வாக்கி டாக்கி இரண்டும் இடது கைக்குச் சேர வேண்டும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் நான் சொல்வதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கேட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அவரை வற்புறுத்தினால் அவருடைய நல்ல கையைக் கட்டிப் போட்டது போல் ஆகிவிடும்.

இடம் சொல்வதற்குக் கடிகார முகத்தை வைத்துக்கொள்வது வசதி. தொப்புள் பன்னிரண்டு, வலது இடுப்பு மூன்று, முதுகுத்தண்டு ஆறு, இடது இடுப்பு ஒன்பது. இப்போது சும்மா எழுந்து நின்று கைகளைத் தொங்க விடுங்கள். இடது முழங்கையும் மணிக்கட்டும் ஒன்பதுக்கு நேராக உரசும். அங்கே வாக்கியை மாட்டினால் நடக்கும்போதெல்லாம் கை அதில் இடிக்கும், அப்புறம் கையை அகட்டி நடக்கிற பழக்கம் வந்துவிடும், சாயங்காலம் தோள் வலிக்கும். அதனால் ஒன்பதைக் காலியாக விட்டு, வாக்கியை எட்டில், டார்ச்சைப் பத்தில் மாட்டச் சொல்வேன். டார்ச் முன்னால் வருவதற்குக் காரணம், அதை அவசரத்தில் எடுக்கிறோம். வாக்கிக்குத் தோளில் குத்தும் மைக் இருந்தால் பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை, அது கொஞ்சம் பின்னால் போனாலும் நஷ்டமில்லை. மைக் வயர் முதுகுப் பக்கமாக ஏறி இடது தோளுக்கு வர வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே வயர் தொங்கினால் லாரிக் கதவுப் பிடியில் மாட்டும், சண்டை என்று வந்தால் எதிராளிக்குப் பிடிக்கக் கயிறு கொடுத்த மாதிரி.

வாக்கி பற்றி இன்னொன்று. இடுப்பில் இருக்கும்போது நம் உடம்பே சிக்னலைத் தின்றுவிடும். சுவர் ஓரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலோ ஜீப்புக்குள் இருந்தாலோ இன்னும் மோசம். மலையடிவாரத்தில் ஏற்கெனவே சிக்னல் மங்கலான இடங்களில், பெட்டியையே உறையிலிருந்து எடுத்து, ஆன்டெனா மேலே பார்க்கும்படி முகத்துக்கு அருகில் பிடித்துப் பேசினால் தெளிவாகப் போகும். அதனால்தான் பின்புற கிளிப்பில் மட்டும் நம்பி மாட்டாமல், மேலே பட்டை போட்ட உறை வாங்கச் சொல்கிறேன். பிளாஸ்டிக் கிளிப் ஒரு தடவை நாற்காலிக் கையில் மாட்டினால் உடைந்துவிடும்.

நாற்காலி என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நம் ஊர் செக்யூரிட்டி உட்காருவது கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில். அந்தக் கைகளுக்கு நடுவே இருக்கும் அகலத்துக்குள் இடுப்பும், இடுப்பில் மாட்டியதும் அடங்க வேண்டும். பெல்ட்டில் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு இருக்கும் எதுவும் எழுந்திருக்கும்போது நாற்காலியையும் சேர்த்துத் தூக்கும். லத்தி வளையம் இதில் முதல் குற்றவாளி. குட்டைத் தடி வைத்திருப்பவர்கள் உட்காரும்போது அதை வளையத்திலிருந்து உருவி, நாற்காலிக்கு இடப்பக்கம் சுவரில் சாய்த்து வைத்துவிட வேண்டும். எங்கள் கேபினில் அதற்கென்றே ஒரு ஆணி அடித்திருக்கிறோம். கையில்லாத நாற்காலி கேட்டு வாங்க முடிந்தால் அது இன்னும் நல்லது. நிர்வாகத்திடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது பெரிய செலவில்லை.

இனி முதுகு. இதை மட்டும் எல்லோரும் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து முதல் ஏழு வரை, அதாவது முதுகுத்தண்டும் அதன் இரு பக்கமும், கட்டியான எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. கைவிலங்கு, சாவிக்கொத்து, டார்ச், மல்டி டூல், எதுவுமே கூடாது. முன்பக்கம் இடமில்லை என்றால் பின்னால் தள்ளி விடுவது எல்லோருக்கும் வருகிற யோசனைதான். ஆனால் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று, உட்காரும்போது நாற்காலி முதுகு அந்தப் பொருளை இடுப்புக்குள் அழுத்தும், அதிலிருந்து தப்பிக்க நாம் முன்னால் வளைந்து உட்காருவோம். மாதக்கணக்கில் அப்படி உட்கார்ந்தால் இடுப்புவலி வராமல் இருக்காது. இன்னொன்று, மல்லாந்து விழுந்தால். மழைக்காலத்தில் எங்கள் லோடிங் சரிவில் வயதான கார்டு ஒருவர் வழுக்கி விழுந்தார். அவர் விழுந்தது பின்னால் தொங்கிய சாவிக்கொத்தின் மேல். எலும்பு தப்பித்தது, ஆனால் வாரக்கணக்கில் அவரால் குனிய முடியவில்லை. சரிவில் விழுந்த அடி சீக்கிரம் ஆறியிருக்கும், சாவி குத்திய இடம்தான் ஆறவில்லை.

பின் பாக்கெட்டில் மணிபர்ஸ் வைப்பதும் இதே கணக்குத்தான். ஒரு பக்கப் பிட்டம் மட்டும் உயர்ந்து உட்கார்ந்தால் இடுப்பு சாயும், காலுக்குப் போகும் நரம்பு அழுந்தும். பர்ஸை முன் பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். காசு செலவில்லாத வைத்தியம்.

பெல்ட்டை இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு தனித் தொந்தரவு உண்டு. தொடையின் வெளிப்பக்கம் எரியும், மதமதவென்று இருக்கும், சிலருக்குத் தொட்டாலே ஒரு மாதிரி கூசும். காலில் பலம் குறையாது, நடக்க முடியும், அதனால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். என்னோடு வேலை பார்த்த ஏட்டு ஒருவர் சர்க்கரையாக இருக்குமோ என்று பயந்து டாக்டரிடம் போனார். இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் தொடைத் தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று இருக்கிறது, அதைப் பெல்ட் அழுத்துகிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதற்கு மெரால்ஜியா பாரஸ்தெடிக்கா என்று பெயர். இறுக்கமான பெல்ட், தொப்பை, இடுப்பில் கனம் மூன்றும் சேர்ந்தால் வரும். பெல்ட்டைத் தளர்த்தி, பதினொன்று, ஒன்று ஆகிய இடங்களில் இருந்த கனமான உறைகளை எடுத்ததும் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிட்டது. உங்களுக்கு அப்படி இருந்தால் பெல்ட்டைச் சரி செய்துவிட்டு டாக்டரையும் பாருங்கள், ஏனென்றால் முதுகிலிருந்து வரும் நரம்புக் கோளாறும் காலில்தான் தெரியும்.

இறுக்காமல் கட்டினால் பெல்ட் இறங்குமே என்பார்கள். இறங்கத்தான் செய்யும், ஒற்றை பெல்ட்டாக இருந்தால். அதற்குத்தான் உள் பெல்ட், வெளி பெல்ட் என்று இரண்டு. பேன்ட்டின் பட்டைகளுக்குள் போகும் சாதாரண பெல்ட் ஒன்று, அதன் மேல் இரண்டு அங்குல அகலமுள்ள டூட்டி பெல்ட் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சின்னத் தோல் பட்டைகள், பிரஸ் பட்டன் வைத்தவை, நாலு இடத்தில். இந்தப் பட்டைகள் இருந்தால் வெளி பெல்ட்டை இறுக்கவே வேண்டாம், உள் பெல்ட்டின் மேல் அது உட்கார்ந்துகொள்ளும். வாக்கி உறைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட்டுவிட்டால் உறை நகராது. கம்பெனி தராவிட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் செய்து தருவார். மொத்தக் கனத்தையும் இடுப்பெலும்பு தாங்க வேண்டும், வயிறு தாங்கக் கூடாது. கட்டிய பிறகு இரண்டு விரல் சுலபமாக உள்ளே நுழைய வேண்டும்.

கனத்தையும் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். பேட்டரியோடு வாக்கி சுமார் 300 கிராம் வரும், டார்ச் 200 அல்லது 300, கைவிலங்கு அதே அளவு. குண்டு நிரப்பிய 9 எம்.எம். பிஸ்டல் ஒரு கிலோ பக்கம். தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமில்லை, எல்லாம் ஒரே பக்கம் தொங்கினால் நடையே சாய்ந்துவிடும். மளிகைக் கடைத் தராசில் இடப்பக்கப் பொருள்களையும் வலப்பக்கப் பொருள்களையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் கார்டுகளுக்கு இடப்பக்கம் வாக்கியும் டார்ச்சும் இருப்பதால் சாவிக்கொத்தை வலப்பக்கம் நாலில் மாட்டுகிறோம். சாவிக்குத் தோல் உறை கட்டாயம். சாவி குலுங்குகிற சத்தம் ராத்திரியில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஐம்பது அடிக்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

போலீஸ்காரர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. பிஸ்டல் வலது மூன்றில், மேல்பட்டை பூட்டிய உறையில், கழுத்துக் கயிற்றோடு. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஜீப் விஷயம். மொபைலில் வரும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சீட் பெல்ட் கொக்கியில் துப்பாக்கி சிக்குவது டிரைவருக்குத்தான் என்று இளைஞர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், டிரைவரின் கொக்கி வலது இடுப்பில் வரும். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். டிரைவருக்குக் கொக்கி இடது இடுப்பில் விழும், அங்கே இருப்பது வாக்கி. முன் சீட்டில் இடப்பக்கம் உட்காரும் அதிகாரிக்குத்தான் கொக்கி வலது இடுப்பில், பிஸ்டல் உறையை ஒட்டி விழுகிறது. அதோடு அவர் இறங்குவது இடப்பக்கக் கதவு வழியாக, லத்தியும் வாக்கியும் இருக்கும் பக்கம். ஆக, டிரைவர் வாக்கியைப் பத்துக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது வண்டியில் இருக்கும் வயர்லெஸ் செட்டை நம்பி வாக்கியை டேஷ்போர்டில் வைக்க வேண்டும். அதிகாரி வண்டி வேகம் குறையும்போதே கொக்கியை விடுவித்து, பட்டையைக் கையால் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அதற்கப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும். நின்ற வண்டியில் இதைப் பத்து தடவை செய்து பார்த்தால் கைக்கு வந்துவிடும்.

கைவிலங்கு எல்லோரும் எப்போதும் மாட்டித் திரியும் பொருளில்லை. பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் 1980லேயே உச்ச நீதிமன்றம், வழக்கமாக விலங்கு போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆவது பிரிவு எந்தெந்த வகைக் குற்றத்துக்குப் போடலாம் என்று வரையறுக்கிறது. எடுத்துப் போகும் நாளில் அதற்கு இடம் முன்பக்கம், பதினொன்றில். இரண்டு கையும் எட்டும் இடம் அது.

செக்யூரிட்டிக்காரர்கள் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005. போலீஸ், ராணுவ உடையையோ, அதுபோலத் தோன்றும் உடையையோ தனியார் காவலர் அணிந்தால் அவருக்கும் ஏஜென்சி முதலாளிக்கும் ஒரு வருடம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கடையில் காவல் துறை முத்திரை போட்ட பக்கிள் சாதாரணமாகக் கிடைக்கிறது, கம்பீரமாக இருக்கிறது என்று வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம். வெறும் பக்கிள் போதும். வேலைக்கும் வெறும் பக்கிள்தான் நல்லது. லாரிக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்கக் குனியும்போது கனமான பித்தளை பக்கிள் அடிவயிற்றில் அழுத்தும்.

சரி, மழைக்கு வருவோம். ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மழையும் சேர்ந்து வரும். ரெயின்கோட் போட்ட நிமிஷமே பெல்ட் முழுவதும் உள்ளே போய்விடுகிறது. இவ்வளவு யோசித்து மாட்டியதெல்லாம் முழங்கால் வரை தொங்கும் கோட்டுக்கு அடியில். கோட்டைத் தூக்கித் தடவி டார்ச்சை எடுப்பதற்குள் லாரி போய்விடும். அதனால் எங்கள் கேட்டில் நீளக் கோட்டை நிறுத்திவிட்டு, மேலே தனி, கீழே தனி என்று பைக்காரர்கள் போடும் இரட்டை ரெயின்கோட்டுக்கு மாறினோம். மேல்சட்டை இடுப்போடு நின்றுவிடும், விளிம்பைச் சற்றே உயர்த்தினால் பெல்ட் கைக்கு வரும். மழை பெய்யும் நேரத்தில் டார்ச்சுக்குப் பெல்ட்டில் வேலையில்லை, மணிக்கட்டுக் கயிற்றோடு இடது கையில் இருக்கட்டும். மைக்கை கழுத்து வழியாக வெளியே எடுத்து, வாய் கீழே பார்க்கும்படி குத்திக்கொள்ள வேண்டும். மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கிக் குரல் கொரகொரவென்று போகும். ஒளிரும் ஜாக்கெட் ரெயின்கோட்டுக்கு மேலேதான் வர வேண்டும். அடியில் போட்டுக்கொண்டு ஹைவேயில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பதறுகிறது. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் ராத்திரி வருகிற வேகத்துக்கு மழையில் காக்கியும் கறுப்பும் ஒன்றுதான்.

தோல் பெல்ட்டுக்கும் மழைக்காலம் ஆகாது. நனைந்தால் நீளும், பூஞ்சை பூக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். நனைந்த பெல்ட்டை அடுப்புப் பக்கமோ வெயிலிலோ காயப் போடாதீர்கள், வெடித்துவிடும். உறைகளைக் கழற்றி, துணியால் துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் நீளவாக்கில் தொங்க விட வேண்டும். காய்ந்ததும் பாலிஷ். தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளப்பு வரும், ஆனால் தோல் இளகிவிடும், அப்புறம் உறை தொங்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நைலான் பெல்ட்டுக்கு மாறுவது நல்லது, சீக்கிரம் காயும், சோப்பு போட்டு அலசலாம். வாங்கும்போது பெல்ட்டை நடுவில் பிடித்துப் படுக்கையாக நீட்டிப் பாருங்கள். முனை சட்டென்று மடங்கித் தொங்கினால் அது வாக்கியைத் தாங்காது. உள்ளே விறைப்பான தகடு வைத்துத் தைத்த நைலான்தான் தேவை.

மார்ச், ஏப்ரலில் பிரச்சினை வேறு. பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். பெல்ட்டுக்கு அடியில் வியர்வை நின்று வேர்க்குருவும் படையும் வரும். ஷிப்டில் இரண்டு தடவையாவது பெல்ட்டைக் கழற்றி, பனியனைச் சரி செய்து, இடுப்பைத் துடைத்துக் கட்டச் சொல்கிறேன். வெளிநாட்டுப் போலீஸில் கனத்தைத் தோளுக்கு மாற்றும் வெஸ்ட் பரவியிருக்கிறது, இடுப்புவலி அதில் குறைகிறது என்று அங்கே ஆய்வும் செய்திருக்கிறார்கள். நம் வெயிலில் முழு வெஸ்ட் கஷ்டம். ஆனால் வாக்கியை மட்டும் நெஞ்சில் மாட்டும் பட்டை கிடைக்கிறது, இடுப்புவலிக்காரர்களுக்கு அது நல்ல மாற்று.

டார்ச்சைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இந்தப் பகுதிக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. யானை. வாளையார் காட்டை ஒட்டிய ஊர்கள் எல்லாவற்றுக்கும் இது தெரியும். தண்டவாளம் தாண்டி, ரோடு தாண்டி, தொழிற்சாலை மதில் வரைக்கும் வரும். பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். ஒரு ராத்திரி பின்பக்க மதில் ஓரம் ரவுண்டு போன அஸ்ஸாம் பையனுக்கு முன்னால் புதர் அசைந்தது. அவன் கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை. இடது கை பத்துக்குப் போய் டார்ச்சைத் தொட்டது, ஆனால் அடிக்கவில்லை. வலது கை தோள் மைக்குக்குப் போய், "பின் மதில், யானை, திரும்பி வருகிறேன்" என்று மெதுவாகச் சொன்னான். வந்த வழியே பின்னால் நகர்ந்து, கட்டடத் திருப்பம் வந்த பிறகுதான் விளக்கைப் போட்டான், அதுவும் தரையில். யானையின் கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாது, கிட்டே போகக் கூடாது, கூச்சல் போடக் கூடாது என்று வனத்துறையினர் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பயத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? எது எங்கே இருக்கிறது என்று அவன் தேட வேண்டியிருக்கவில்லை, அதனால் அவனுக்கு வந்தது. காலையில் மண்ணில் கிடந்த தடத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் அவனை யானை பார்த்தவன் என்றார்கள். எனக்கு அவன் கைகள் போன இடம்தான் பெருமையாக இருந்தது.

இதற்குப் பயிற்சி ரொம்பச் சுலபம். ஷிப்ட் மாறும் நேரத்தில் இருவர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் "டார்ச்", "சாவி", "விசில்" என்று கேட்க, அவர் எடுத்து, காட்டி, திரும்ப வைக்க வேண்டும். எடுப்பதைவிடத் திரும்ப வைப்பது முக்கியம். உறை வாய் ஒரு கையால் மூட முடியாததாக இருந்தால் அந்த உறையை மாற்றிவிடுங்கள்.

பெண் காவலர்களுக்குப் பெல்ட்டை யாரும் யோசித்துச் செய்வதில்லை. ஆண்கள் அளவில் வந்த இரண்டு அங்குல பெல்ட், அகன்ற இடுப்பில் மேல் விளிம்பு விலாவிலும் கீழ் விளிம்பு இடுப்பெலும்பிலும் வெட்டும். எங்கள் சேச்சி ஒருவர் வலி தாங்காமல் துண்டை மடித்து உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை அங்குல பெல்ட் வாங்கிக் கொடுத்து, சாவியையும் தடியையும் வேறு ஆளுக்கு மாற்றியதும் நிம்மதியாக நிற்கிறார். அப்புறம் கழிப்பறை. பெல்ட்டைக் கழற்றாமல் முடியாது, கழற்றினால் வைக்க இடமில்லை. ஈரத் தரையில் வைக்க வாக்கி போய்விடும். கதவின் மேல்முனையில் தொங்கவிட்டால் வெளியிலிருந்து எவரும் இழுக்கலாம். உள்சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், ஒரு கெட்டியான கொக்கி அடித்துக் கொடுங்கள். கழற்றிய பெல்ட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வதும் ஒரு வழிதான். சொல்லக் கூச்சப்பட்டு இதை யாரும் கேட்பதில்லை, சூப்பர்வைசராக இருப்பவர்தான் முன்வந்து செய்ய வேண்டும்.

பெண் காவலர்கள் கையில் இருக்கும் பெப்பர் ஸ்பிரே பற்றியும் ஒரு வார்த்தை. இடம் பதினொன்று. ஆனால் கணவாய்க் காற்றை மறக்க வேண்டாம். கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருப்பது சும்மா இல்லை. மழைக்காலத்தில் மேற்கிலிருந்து, மார்கழி தையில் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். காற்றுக்கு எதிராக அடித்தால் நம் கண்ணில்தான் விழும். கேட்டில் ஒரு ரிப்பன் துணியைக் கட்டி வைத்திருக்கிறோம், அதைப் பார்த்துப் பக்கம் மாறி நிற்கப் பழக்கியிருக்கிறோம்.

கடைசியாக என் ஆதங்கம். பல இடங்களில் ஷிப்டுக்கு ஒரு பெல்ட் என்று கொடுத்து, அதையே இறங்குகிறவர் கழற்றி ஏறுகிறவருக்குக் கட்டுகிறார்கள். நான் முதலில் சேர்ந்த ஏஜென்சியிலும் அப்படித்தான். ஒருவருக்கு முப்பத்திரண்டு இடுப்பு, அடுத்தவருக்கு நாற்பது. உறைகள் தினமும் இடம் மாறும், முந்தைய ஆளின் வியர்வை ஈரம் காய்ந்திருக்காது, இருட்டில் கை பழகவே வழியில்லை. ஆளுக்கு ஒரு பெல்ட் கேளுங்கள். வாக்கியும் டார்ச்சும் பொதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பெல்ட்டும் உறைகளும் சொந்தமாக இருக்க வேண்டும். அளவு சொல்லும்போது பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். சட்டையை உள்ளே விட்டு, உள் பெல்ட் கட்டி, அதன் மேல் டேப் வைத்து இடுப்பெலும்பைச் சுற்றி அளந்த அளவைச் சொல்லுங்கள், அது இரண்டு மூன்று அங்குலம் கூடத்தான் வரும். ஐந்து துளை உள்ள பெல்ட்டில் நடுத்துளை அந்த அளவுக்கு வர வேண்டும் என்று தைப்பவரிடம் சொன்னால் போதும், மழைக்கோட்டுக் காலத்துக்கும் கோடைக்கும் இரண்டு பக்கமும் இடம் இருக்கும்.